முப்பத்தொரு உணர்வுப் பிழைகள்

மீதி டீச்சருக்கும் ஓவியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். கரும்பலகையில் வட்டம் போடச் சொன்னால் காம்பஸ் இல்லாமலே சுத்தமாகப் போடுவார். பூனை போடச் சொன்னால் அதே வட்டத்துக்கு இரண்டு காது வைப்பார். அவருடைய கலை அத்துடன் முடிந்தது. வகுத்தல் கணக்கில் விடையை மட்டும் எழுதிவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளிடம் "மீதி எங்க? மீதிய எங்க விட்டுட்டு வந்தே?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் வந்தது. ஆசிரியர் அறையிலும் அதே பெயர்தான். தலைமை ஆசிரியை மட்டும் நேரில் டீச்சர் என்பார், போனில் மீதி என்பார்.

கோடை முகாமின் முதல் நாளே ஓவிய மாஸ்டர் வரவேற்புப் பதாகை கட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மறுநாள் தலைமை ஆசிரியை மீதி டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"முகாம்ல கலைக்கூடம் போற நாள் ஒண்ணு இருக்கு டீச்சர். நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

"எனக்குப் படமெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க மேடம்."

"தெரிய வேண்டாம். எண்ணத் தெரியுமில்ல? முப்பத்தாறு பேர் போகணும், முப்பத்தாறு பேர் வரணும். முடிஞ்சதும் ஒரு சான்றிதழ் குடுப்பாங்க. அத மட்டும் பத்திரமா வாங்கிட்டு வந்துடுங்க. நம்ம வாசல்ல 'கலைநேயப் பள்ளி'ன்னு பலகை மாட்டலாம். அடுத்த தெருப் பள்ளிக்கூடம் மாட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. தினமும் அதப் பாத்துக்கிட்டேதான் நான் வேலைக்கு வர்றேன்."

இரண்டு நாளில் கலைக்கூடத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு கையேடு. அட்டையில் பலூன் படம் போட்டு 'குழந்தைகளே, ஓடி வாருங்கள்!' என்று எழுதியிருந்தது. முதல் பக்கத்தில் முதல் விதி: ஓடக் கூடாது. மற்ற பக்கங்களில் இருமக் கூடாது, சுட்டிக்காட்டக் கூடாது, சுட்டிக்காட்டாமல் சுட்டிக்காட்டுவதுபோல் பார்க்கவும் கூடாது. ஓவியத்திலிருந்து நான்கு அடி தள்ளி நிற்க வேண்டும். ஓவியம் ஒன்றுக்கு நாற்பது விநாடி. முதல் பத்து விநாடி வியப்பு, அடுத்த இருபது சிந்தனை, கடைசிப் பத்து நன்றி. புறப்படுவதற்கு முன் பள்ளியிலேயே மூன்று முறை ஒத்திகை பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

மீதி டீச்சர் விதி என்றால் விதிதான் என்று வாழ்ந்தவர். பிள்ளைகளை அழைத்துப் போய் சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவருக்கு நான்கு அடி தள்ளி வரிசையாக நிறுத்தி, நாற்பது விநாடி பார்க்கவைத்தார். அது வெறும் வெள்ளைச் சுவர்.

"டீச்சர், இதுல என்ன பாக்கணும்?" என்று கேட்டான் ஒரு பையன். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"ஒண்ணும் பாக்க வேண்டாம். பாக்கறதுக்குப் பழகு."

மூன்றாம் ஒத்திகையில் பிள்ளைகள் சுவரை மிக அழகாகப் பார்த்தார்கள். பதிவேட்டில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குறித்த நாளில் பஸ் காலை ஒன்பதரைக்குக் கலைக்கூடத்தின் பின்வாசலில் போய் நின்றது. முன்வாசலில் 'குழந்தைகளுக்கு நல்வரவு' என்று பெரிய எழுத்தில் இருந்தது, அதன் அடியில் 'பின்வாசல் வழியாக' என்று சின்ன எழுத்தில். பைகளை வாங்கிக்கொண்டார்கள், தண்ணீர் பாட்டில்களை வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தி முதுகில் எண் ஒட்டினார்கள். பிறகு ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

அனுபவ அதிகாரி வந்தார். குழந்தைகளின் அனுபவத்துக்குப் பொறுப்பான அதிகாரி என்பதால் அப்படி ஒரு பதவி. பதினைந்து வருடமாக ஓவியங்களுக்கு நடுவே பேசிப் பேசி அவருக்குக் குரல் போய்க் காற்று மட்டும் மிஞ்சியிருந்தது. மைக்கிலும் கிசுகிசுத்தார்.

"குழந்தைகளே, இந்தக் கலைக்கூடம் உங்களோடது. இங்க இருக்கற ஒவ்வொரு ஓவியமும் உங்களுக்காகவே காத்துக்கிட்டிருக்கு. அதனாலதான் நீங்க வர்ற நாள்ல மட்டும் பன்னெண்டு அறையில பத்த நாங்க பூட்டிவைக்கிறோம். போன வருஷம் பதினாலாயிரம் குழந்தைங்க வந்துட்டுப் போனாங்க. ஒரு ஓவியத்துக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு குழந்தைக்கும் ஒண்ணும் ஆகல. இத நான் பெருமையா சொல்லிக்கிறேன்."

இப்படியே ஐம்பது நிமிடம் போனது. ரேடியோ கை தூக்கினான்.

"சார், படம் எப்ப பாப்போம்?"

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் அதிகாரி. "நல்ல கேள்விகளுக்கான நேரம் பன்னெண்டே முக்கால்."

ஒரு வழியாகப் பதினொரு மணிக்குப் பிள்ளைகளை முதல் அறைக்குள் விட்டார்கள். விளக்கம் சொல்ல ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு காகிதம், கழுத்தில் ஒரு நிறுத்துக் கடிகாரம். கடிகாரத்தை அழுத்துவாள், காகிதத்தைப் படிப்பாள், நாற்பது விநாடியில் கடிகாரம் கீச்சென்று கத்தும், அடுத்த படம். அரை மணியில் பத்தொன்பது படம் ஆயிற்று. மீதி டீச்சர் பின்னால் நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சுவரில் என்ன இருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாம் அறையில் இருபதாவது படம். கதவோரம் ஒரு காவலர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. விளக்கப் பெண் கடிகாரத்தை அழுத்தினாள், காகிதத்தைப் படித்தாள். "ஓவியத்தின் பெயர் மாலை அமைதி. இல்லத்தின் நிம்மதியைப் போற்றும் அரிய படைப்பு." கடிகாரம் கத்தவில்லை. தட்டிப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள். கடிகாரம் இல்லாமல் அடுத்த படத்துக்குப் போக அவளுக்கு அதிகாரம் கிடையாது. "இப்படியே நில்லுங்க, புதுசு வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். விதிப்படி நடந்தே ஓடினாள்.

பிள்ளைகள் நின்றார்கள். ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று. வேறு வேலை இல்லாததால் படத்தைப் பார்த்தார்கள்.

ஒரு சமையலறை. ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில். மேசை அருகே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒரு துணி. பாதி திறந்த கதவு. எட்டு நிமிடம் பார்த்தார்கள். எட்டு நிமிடம் பார்த்தால் படம் தெரிய ஆரம்பித்துவிடும் என்ற ஆபத்தைக் கையேட்டின் நாற்பத்தொரு பக்கமும் எதிர்பார்க்கவில்லை.

விளக்கப் பெண் புதுக் கடிகாரத்தோடு வந்தபோது நேரம் தவறிவிட்டிருந்தது. மிச்சப் படங்களை ரத்து செய்து, பிள்ளைகளைத் திரும்ப ஜன்னல் இல்லாத அறைக்கே கொண்டுபோனாள். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரே கேள்விதான். 'மாலை அமைதி என்ற ஓவியத்தைப் பார்த்ததும் உங்களுக்குள் எழுந்த உணர்வை ஒரே சொல்லில் சுதந்திரமாக எழுதுக.'

தாள்களை வாங்கிக்கொண்டு அதிகாரி பக்கத்து அறைக்குப் போனார். கால் மணி கழித்துத் திரும்பியபோது அவர் முகம், வீட்டில் துக்கம் நடந்தவர் முகம்போல இருந்தது.

"டீச்சர், முப்பத்தாறுக்கு அஞ்சுதான் சரி."

"என்னது சரி?"

"உணர்வு. முப்பத்தொரு பேருக்கு உணர்வுப் பிழை." ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். விடைக்குறிப்பு. அதில் ஒரே சொல் இருந்தது: அமைதி.

சரியாக எழுதிய ஐந்து பேரில் நான்கு பேர் படத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஐந்தாவது ரேடியோ. 'அமைதியா இருன்னு டீச்சர் சொன்னாங்க' என்று எழுதியிருந்தான். அதில் விடை இருப்பதால் அதிகாரி பெருந்தன்மையோடு மதிப்பெண் கொடுத்திருந்தார்.

மீதி டீச்சருக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் வகுப்பில் முப்பத்தொரு பேர் தவறிய சரித்திரம் கிடையாது.

"இப்ப என்னங்க பண்றது?"

"கவலப்படாதீங்க. மறுஉணர்வு வகுப்பு இருக்கு."

விளக்கை அணைத்துச் சுவரில் படம் காட்டினார்கள். ஏரி. தூங்கும் குழந்தை. மறுபடி ஏரி. புல்லாங்குழல் சத்தம் ஒன்று வந்தது. இருபது நிமிடம் கழித்து விளக்கைப் போட்டு, பழைய தாளையும் ஒரு அழிரப்பரையும் திருப்பிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அழித்துவிட்டு எழுத வேண்டும். எழுதியதன் கீழே ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு மேல் ஏற்கெனவே அச்சடித்திருந்தது: 'மாணவர் என் முன்னிலையில் தாமாகவே இவ்வாறு உணர்ந்தார்.'

பிள்ளைகள் அழித்தார்கள். 'கோவம்' போயிற்று. 'யாரோ போய்ட்டாங்க' போயிற்று. 'தலவலி' போயிற்று. தாள்கள் வரிசையாக வந்தன. மீதி டீச்சர் கையெழுத்துப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்று வரை போட்டார். அதை அவர் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

பன்னிரண்டாவதாக ஒரு பெண்பிள்ளை வந்தாள். குரல் எழும்பாததால் அவளை மியாவ் என்பார்கள். தாளும் அப்படியே இருந்தது, ரப்பரும் அப்படியே இருந்தது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "இது ரெண்டு தப்பு டீச்சர். ஒரு சொல்லுதான் எழுதணும். இவ கதையே எழுதியிருக்கா."

தாளில் இருந்தது: 'பயம். சண்டை முடிஞ்சதும் வீடு இப்படித்தான் இருக்கும். சத்தமே இருக்காது.'

"அழிம்மா" என்று கிசுகிசுத்தார் அதிகாரி. "இது பயம் இல்ல. உனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு."

மியாவ் அவரைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை என்று சொல்ல முடியாது. விடை தெரிந்த பிள்ளை கரும்பலகைக்கு முன்னால் நின்று, இதைப் போடலாமா வேண்டாமா என்று பார்க்கிற பார்வை. இருபத்திரண்டு வருடமாக டீச்சருக்குத் தெரிந்த பார்வை. அந்தப் பிள்ளை போன பருவத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கணக்கு செய்யாமல் வந்ததும், கேட்டால் "வீட்ல விளக்கு இல்ல டீச்சர்" என்று சொன்னதும், தான் அதை நம்பாமல் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியதும் டீச்சருக்கு நினைவு வந்தது.

பேனாவை மூடிவைத்தார்.

"சார், இந்த அமைதிங்கற விடை எப்படி வந்துச்சு?"

"விடைக்குறிப்புல இருக்கே டீச்சர்."

"அது விடை. நான் கேக்கறது வழிமுறை. படத்துல எதப் பாத்து, அதுல இருந்து என்ன எடுத்து, எப்படி அமைதிக்கு வந்தீங்க? எங்க வகுப்புல வழிமுறை இல்லாம விடை மட்டும் எழுதினா நான் பூஜ்யம்தான் போடுவேன்."

அதிகாரி விடைக்குறிப்பைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய் இயக்குநரை அழைத்து வந்தார்.

இயக்குநர் உயரமான அம்மாள். கண்ணில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. அவர் அறைக்குள் வந்ததும் விளக்கப் பெண் தன்னையறியாமல் கடிகாரத்தை அழுத்தினாள்.

"டீச்சர்" என்று கனிவோடு தொடங்கினார் இயக்குநர். "நீங்க கணக்கு டீச்சராமே. உங்க ஆதங்கம் புரியுது. கலைய ரசிக்கறதுக்கு எல்லாருக்கும் உரிமை இருக்கு. எத ரசிக்கணும்னு முடிவு பண்றதுக்குத்தான் குழு இருக்கு. இந்த ஒரு ஓவியத்துக்கே ஏழு நிபுணர் சேர்ந்து, ஒம்பது அமர்வு நடத்தி, ஒருமனதா வந்த சொல்லு அமைதி. நானும் அந்தக் குழுவுல இருந்தேன்."

"ஏழு பேரும் படத்துக்கு முன்னாடி நின்னு பாத்தீங்களாம்மா?"

"படம் அப்போ சுத்தம் பண்ணப் போயிருந்தது. போட்டோவ வெச்சுப் பாத்தோம். மிகத் தெளிவான போட்டோ. கறுப்பு வெள்ளைதான், ஆனா ரொம்பத் தெளிவு."

"முழுப் படமும் அதுல இருந்துச்சா?"

"கீழ கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு சாண் இருக்கும். தரைதானே!"

மியாவ் வாயைத் திறந்தாள். வழக்கம்போலக் குரல் எழும்பவில்லை, ஆனால் அந்த அறையில் எல்லோரும் கிசுகிசுத்துப் பழகியிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"தரையிலதான் நாற்காலி விழுந்து கெடக்கு."

இயக்குநர் தலைமேல் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு மாற்றிப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "நாற்காலி இருக்கலாம். நிபுணர் குழு அத கணக்குல எடுக்கல. ஒரு குழந்தைக்காக முடிவ மாத்தினா, நாளைக்குப் பதினாலாயிரம் குழந்தையும் ஆளுக்கொண்ணு பாக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் இது கலைக்கூடமா, சந்தையா? கையெழுத்துப் போடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மீதி டீச்சர் எழுந்தார். தான் கையெழுத்துப் போட்ட பதினொரு தாள்களையும் கோப்பிலிருந்து உருவி எடுத்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் எந்திரிங்க. அழிச்சவங்க மறுபடி எழுதணும். ஞாபகத்துல எழுத வேண்டாம். படத்தப் பாத்தே எழுதலாம், வாங்க."

"டீச்சர், அந்த அறைக்கான உங்க நேரம் முடிஞ்சுபோச்சு!" என்றார் அதிகாரி.

"விடை தப்புன்னா மறுபடி கேள்வியப் பாக்கணும் சார். அதுதான் முறை."

முப்பத்தாறு பேரும் அவர் பின்னால் போனார்கள். யாரும் ஓடவில்லை. இரண்டாம் அறையில், படத்துக்கு நான்கு அடி தள்ளி, தரையில் உட்கார்ந்தார்கள். தரையில் உட்காரக் கூடாது என்று கையேட்டில் இல்லை. யாராவது உட்காருவார்கள் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

மீதி டீச்சர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஓவியத்துக்கு முன்னால் நின்று வகுப்பெடுத்தார். வேறெந்த முறையும் தெரியாததால் கணக்கு வகுப்பைப்போலவே எடுத்தார்.

"கோவம்னு எழுதினது யாரு? நீயா? எங்க இருக்கு கோவம், காட்டு."

"அந்தத் துணி டீச்சர். மடியில சும்மா கெடக்கல. முறுக்கிப் பிடிச்சிருக்காங்க. தண்ணியே இல்லாம எதுக்கு முறுக்கணும்?"

"சரி. யாரோ போய்ட்டாங்கன்னு எழுதினது?"

"கதவு டீச்சர். நல்லா சாத்தவும் இல்ல, தெறக்கவும் இல்ல. வேகமா சாத்தினா திரும்பி வந்து அப்படி நிக்கும்."

"அமைதின்னு எழுதினவங்க சொல்லுங்க. உங்க பக்கம் என்ன இருக்கு?"

பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிய நான்கு பேரும் நெளிந்தார்கள். ஒருத்தி மட்டும் யோசித்து, "வெயில் நல்லாருக்கு டீச்சர்" என்றாள். டீச்சர் அதையும் ஏற்றுக்கொண்டார். வெயில் நன்றாகத்தான் இருந்தது.

வேறு அறைகளில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்த பெரியவர்கள் சிலர் சத்தம் கேட்டு வந்து பின்னால் நின்றார்கள். ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடித்தார். இரண்டு முறை ஒலிபெருக்கி அறிவித்தது: 'எண் ஒட்டிய குழந்தைகள் பின்வாசலுக்கு வரவும்.' மூன்றாம் முறை அறிவிப்புக்குப் பதிலாக அறையின் விளக்குகள் அணைந்தன.

அந்த அறைக்கும் ஜன்னல் கிடையாது. இருட்டில் அதிகாரியின் கிசுகிசுப்பு வந்தது: "இப்ப பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எழுந்து வாங்க."

யாரும் எழவில்லை. கதவருகே நாற்காலி கிறீச்சிட்டது. காவலரின் குரல். "பாப்பா, யாராச்சும் சொல்லுங்களேன். அப்படி என்னதான் இருக்கு அதுல? பத்தொம்பது வருஷமா இங்கதான் ஒக்காந்திருக்கேன். ஆளுங்களத்தான் பாக்கணும், படத்தப் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு."

ரேடியோவே தொடங்கியிருப்பான். ஆனால் அவனுக்கு முன்னால் வேறொரு குரல் தொடங்கிவிட்டது. யார் முகமும் தெரியாத இருட்டில் மியாவ் பேசினாள். ஜன்னல் இடது பக்கம் மாமா, வெயில் மேசை வரைக்கும்தான் வருது, அவங்க மேல விழல. அவங்க கதவப் பாக்கல, ஆனா காது அங்கதான் இருக்கு. நாற்காலியோட ஒரு கால்தான் தெரியுது. அதத் தூக்கி நிறுத்தலாம், ஆனா நிறுத்தினா அந்தச் சத்தத்துல மறுபடி ஆரம்பிச்சிரும்னு அப்படியே ஒக்காந்திருக்காங்க. தான் பார்த்ததில் ஒரு துணுக்கு விடாமல் அந்தப் பிள்ளை இருட்டில் சொல்லி முடித்தது. நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. காவலர் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

கலைக்கூடம் தோற்று விளக்கைப் போட்டபோது மணி ஒன்றரை. மீதி டீச்சர் தாள்களைக் கையோடு எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை எண்ணி, பஸ்ஸில் ஏற்றி, சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினார்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. 'அனுமதியற்ற உற்றுநோக்கல்' என்ற குற்றத்துக்காக ஆசிரியருக்கு ஆயுட்காலத் தடை, பள்ளிக்கு ஐந்து வருடத் தடை. எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் மறுபரிசீலனை.

தலைமை ஆசிரியை கடிதத்தை மேசைமேல் தள்ளினார். "ரெண்டு வரி எழுதிக் குடுங்க டீச்சர். உங்க வேலைக்கும் நல்லது, பலகைக்கும் நல்லது."

மீதி டீச்சர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: 'பதினொரு தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காக வருந்துகிறேன். மன்னிப்பை அந்தப் பதினொரு பிள்ளைகளிடம் கேட்டுவிட்டேன். தங்களிடம் கேட்க வேறொன்றும் இல்லை.' தலைமை ஆசிரியை அதைப் படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோடையில் டீச்சருக்கு வேறு எந்த முகாம் வேலையும் தரவில்லை. டீச்சர் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளி திறந்த வாரம் மியாவின் அம்மா வந்தார். முகவரி மாற்றிப் பதிய வேண்டுமாம். தங்கை வீட்டு முகவரி. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"இவ ஏதோ தாள் எழுதினாளாமே டீச்சர்?"

டீச்சர் எடுத்துக் கொடுத்தார். அம்மா படித்தார். படித்ததை மறுபடி படித்தார்.

"இதத்தான் அழிக்கச் சொன்னாங்களா?"

"ஆமா. அது அமைதியாம்."

"அந்தக் குழுவுல இருக்கற ஏழு பேரையும் எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்து பாக்கச் சொல்லுங்க" என்றார் அம்மா. தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "இப்ப அந்த வீட்ல எடம் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் கெளம்பிட்டோம்."

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கலைக்கூடம் அவ்வளவு சுலபத்தில் எதையும் முடிக்கிற இடம் இல்லை. அன்று போனில் வீடியோ பிடித்தவர் அந்த இருட்டை ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார். படம் ஒன்றும் தெரியாது, ஒரு சின்னக் குரல் மட்டும் கேட்கும். இலட்சம் பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் கலைக்கூடத்தைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். பாராட்டு வந்ததும் அது தன்னுடைய திட்டம்தான் என்று கலைக்கூடத்துக்கே ஞாபகம் வந்துவிட்டது. 'இருளில் காணல்' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் விளக்கை அணைப்பது, பிறகு தாள் கொடுப்பது. தொடக்க விழாவுக்குத் தடையை ஒரு நாள் தளர்த்தி, மீதி டீச்சருக்குச் சிறப்பு விருந்தினர் அழைப்பு அனுப்பினார்கள்.

போக வேண்டாம் என்றுதான் இருந்தார். தலைமை ஆசிரியை பலகையை நினைத்துக் கெஞ்சியதால் போனார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "கலைக்கூடம் குழந்தைகள்கிட்ட காது குடுத்துக் கேட்டிருக்கு. ஏழு நிபுணரும் மறுபடி கூடினோம். இந்த முறை ஒளிப்பதிவையே பத்து தடவ கேட்டோம். விடைக்குறிப்பத் திருத்திட்டோம். மாலை அமைதி ஓவியத்துக்கு இனிமே சரியான உணர்வு: கோபம்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதுகில் எண்ணோடு, அதே இரண்டாம் அறையில் அதே படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கை அணைத்தார்கள், போட்டார்கள், தாள் கொடுத்தார்கள், வாங்கினார்கள். அனுபவ அதிகாரி மேடைக்குப் பக்கத்திலேயே நின்று திருத்தினார். சரி, சரி, பிழை. ஒரு தாளில் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டு, முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண்ணிடம் ரப்பரை நீட்டினார். ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோலோடு நின்ற மீதி டீச்சர் எட்டிப் பார்த்தார். தாளில் 'பசி' என்று இருந்தது.

கத்திரிக்கோலை இயக்குநர் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் இறங்கி வந்து அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் மடக்க முடியாமல் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் உட்கார்ந்தார்.

"எங்க இருக்கு பசி? எனக்குக் காட்டு."

பிள்ளை நான்கு அடி தூரத்திலிருந்து நேராக விரலை நீட்டியது. "அந்தத் தட்டு. மேச ஓரத்துல, நெழலுக்குள்ள. ரொட்டி அப்படியே இருக்கு பாருங்க. யாருமே சாப்பிடல."

மீதி டீச்சர் பார்த்தார். எட்டு நிமிடம் பார்த்திருக்கிறார், அப்புறம் ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறார், முப்பத்தாறு பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒருவர் கண்ணிலும் படாத தட்டு அங்கே இருந்தது. அதில் ரொட்டி இருந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் கடி மட்டும், யாரோ ஆரம்பித்துவிட்டு விட்டதுபோல.

"ஆமா" என்றார் டீச்சர். "இருக்கு."

அதிகாரி குனிந்து, இருவருக்கும் படத்துக்கும் நடுவே முகத்தைக் கொண்டுவந்தார். "டீச்சர், விழாவுக்கு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. அப்புறம், விடைக்குறிப்புல கோபம்னுதான்..."

"சார்" என்றார் மீதி டீச்சர், அவரைப் பார்க்காமலே. "தள்ளி நில்லுங்க. படம் மறைக்குது."